பின் சக்கரம் வழுக்கினால்?

தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் தூத்துக்குடி – திருச்செந்தூர் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் கட்டிய பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். சிலர் தோளில் காவடி இருக்கும். சிலர் இடுப்பில் குழந்தை இருக்கும். விடிவதற்கு முன்பே நடை தொடங்கிவிடும். இருட்டில் ரோட்டின் ஓரம்தான் அவர்களுக்குப் பாதை.

அதே ரோட்டில் பஸ் போகிறது. உப்பு லாரி போகிறது. இப்போது இன்னொரு வண்டியும் போகத் தொடங்கி இருக்கிறது. என்ஜின் சத்தம் இல்லாத வண்டி. நின்ற இடத்தில் இருந்து 7 வினாடிக்குள் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தொடும் வண்டி. பின் சக்கரங்களால் தள்ளப்படும் மின்சாரக் கார்!

இந்த வண்டியைத் தெருவில் கட்டுப்பாட்டுக்குள் வைத்து ஓட்டுவது எப்படி? ஓட்டத் தெரிந்தவரிடம்தான் அது கொடுக்கப்படுகிறதா? கொற்கைச் சீமையில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது. கார் வாங்குகிறவர்களைவிட, ரோட்டில் நடந்து போகிறவர்களுக்குத்தான் இதில் அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

முத்துச் சீமையில் கார் தொழிற்சாலை

பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர் பெற்ற துறைமுகம் கொற்கை. கடல் விலகிப் போய்விட்டது. இன்று அது ஏரல் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். கப்பல்கள் தூத்துக்குடிக்கு வருகின்றன. தூத்துக்குடி 1974–ம் ஆண்டு பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011–ம் ஆண்டு அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

இந்தச் சீமைக்குக் கார் தொழிற்சாலையும் வந்துவிட்டது. வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் கம்பெனி தூத்துக்குடி சிப்காட் தொழிற்பேட்டையில் மின்சாரக் கார் தொழிற்சாலை கட்டியது. 2024–ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அடிக்கல் நாட்டினார்கள். 2025–ம் ஆண்டு ஆகஸ்டு 4–ந்தேதி முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார் செய்யும் திறன் அதற்கு உண்டு.

ஒன்றை இங்கே சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் முதலில் தயாரான கார்களில் பெரும்பாலான ரகங்கள் முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. அதிக விலையுள்ள ஒரு ரகத்தில் நான்கு சக்கரமும் ஓடும். பின் சக்கரத்தால் தள்ளப்படும் கார்கள் வேறு கம்பெனிகளில் இருந்து வருகின்றன. மகிந்திரா கம்பெனி 2024–ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையில் அறிமுகம் செய்த இரண்டு மின்சாரக் கார்களும் அப்படிப்பட்டவை. டாட்டாவின் ஹாரியர் மின்சாரக் காரில் ஒரு ரகம் அப்படிப்பட்டது. 2025–ம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயில் கடை திறந்த அமெரிக்காவின் டெஸ்லா காரும் அப்படித்தான்.

அம்பாசடர் எப்படி?

"இதில் என்ன புதுமை? அம்பாசடர் கார் பின் சக்கரத்தில்தானே ஓடியது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

உண்மைதான். அம்பாசடர் பின் சக்கர வண்டி. பழைய பியட் காரும் பின் சக்கர வண்டிதான். லாரியும் பஸ்சும் ஆட்டோவும் இன்றைக்கும் பின் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. பின் சக்கரத்தில் ஓடுவது ஒரு குற்றம் இல்லை. சொல்லப்போனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. முன் சக்கரம் திரும்புகிற வேலையைப் பார்க்கும். பின் சக்கரம் தள்ளுகிற வேலையைப் பார்க்கும். வேலை பங்கு போடப்பட்டு விடுகிறது. வேகம் எடுக்கும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்ந்து பின் டயர்களை ரோட்டில் அழுத்துகிறது. நல்ல ரோட்டில் இது அருமையான ஏற்பாடு.

ஆனால் பழைய அம்பாசடருக்கு இருந்த சக்தி எவ்வளவு? சுமார் 50 குதிரை சக்தி. மகிந்திராவின் புதிய மின்சாரக் காருக்கு 228 குதிரை சக்தி. உயர்ந்த ரகத்துக்கு 282 குதிரை சக்தி. அதாவது ஐந்து அம்பாசடர்களின் வலு ஒரே காரில்! அந்த வலு முழுவதும் இரண்டே இரண்டு பின் டயர்கள் வழியாக ரோட்டில் இறங்குகிறது. ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம்தான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் மெதுவாகச் சூடு பிடித்து, கியர் மாறி, பிறகுதான் இழுக்கும். மின்சார மோட்டார் அப்படி இல்லை. கால் பட்டதுமே முழு வலுவையும் கொடுத்துவிடும். அம்பாசடரில் டிரைவர் தப்பு செய்தால் அதைத் திருத்த வண்டியே அவகாசம் கொடுத்தது. இந்த வண்டி கொடுக்காது.

1983–ம் ஆண்டு டிசம்பர் மாதம் மாருதி கார் வந்தது. அது முன் சக்கர வண்டி. அதன் பிறகு வந்த சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன் சக்கர வண்டிகளே. அம்பாசடர் தயாரிப்பு 2014–ம் ஆண்டு நின்றுவிட்டது. இன்று 40 வயதுக்கு உட்பட்ட ஒருவர் டிரைவிங் பள்ளியில் முன் சக்கரக் காரில்தான் பழகி இருப்பார். அவர் காலும் கையும் அந்த வண்டிக்குப் பழகிய காலும் கையும்.

பயந்தால் ஆபத்து!

விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

முன் சக்கரக் காரை வளைவில் அதிக வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும்? கார் திரும்ப மறுத்து, நேராக ஓடப் பார்க்கும். டிரைவர் பயந்து காலை எடுப்பார். வேகம் குறையும். கார் மறுபடியும் திரும்பத் தொடங்கும். பயம் அங்கே உதவி செய்கிறது.

வலுவுள்ள பின் சக்கரக் காரை வளைவில் அழுத்தி மிதித்தால் கதையே வேறு. பின் டயர்கள் பிடிப்பை இழக்கும். காரின் வால் வெளிப்பக்கமாகப் போகும். கார் தன்னைத் தானே சுற்றப் பார்க்கும். டிரைவர் பயந்து காலை வெடுக்கென்று எடுத்தால்? பாரம் முன்னால் சாயும். பின் டயர் மேலும் இலேசாகும். வால் இன்னும் வேகமாகச் சுற்றும். பிரேக்கையும் மிதித்துவிட்டால் கேட்க வேண்டாம். இங்கே பயம் பகையாகி விடுகிறது.

டயரின் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் மாதிரி. வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த ஒரே தொகையில்தான் நடக்க வேண்டும். வளைவில் திரும்புவதற்கே பிடிப்பு முழுவதும் செலவாகிவிட்டால், வேகம் எடுப்பதற்கு மிச்சம் இல்லை. பிரேக் போடுவதற்கும் மிச்சம் இல்லை. ரோடு நனைந்தால் சம்பளமே பாதி ஆகிவிடும்!

ஆகவே, வளைவு வருவதற்கு முன்பே, கார் நேராக ஓடும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் ஒரே சீராக இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராகத் திரும்பத் திரும்ப, காலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். ஸ்டியரிங் வளைந்து இருக்கும்போது காலை அழுத்தக் கூடாது. பின் சக்கரக் காரை அடக்குவது கை அல்ல, வலது கால்.

மீறி வால் வழுக்கிவிட்டால்? வால் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். காலைப் படக்கென்று எடுக்காமல் மெதுவாகத் தளர்த்த வேண்டும். போக வேண்டிய இடத்தில் கண் இருக்க வேண்டும். மோதிவிடுவோமோ என்று புளியமரத்தையே பார்த்துக் கொண்டிருந்தால் கை அந்தப் பக்கமே போகும். கார் நேரானதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் வால் சாட்டை மாதிரி மறுபக்கம் வீசும். முதல் வழுக்கலில் தப்பியவர்கள் பலர் அந்த இரண்டாவது வீச்சில்தான் சிக்குகிறார்கள்.

படிக்க இவ்வளவு நேரம் ஆகிறது. ரோட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வினாடிதான் கிடைக்கும். பழகாதவர்களால் அந்த ஒரு வினாடியில் இதைச் செய்ய முடியாது.

தூத்துக்குடியில் இதை நன்றாக அறிந்தவர்கள் லாரி டிரைவர்கள். பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்குப் பின்பக்கம் இலேசு. மழையில் பிரேக்கை அழுத்தினால் வால் சறுக்கும். கண்டெய்னர் டிரெய்லராக இருந்தால் பின் பெட்டி மடங்கி முன் வண்டியையே வந்து இடிக்கும். காலி வண்டியில் கால் பத்திரம் என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் காரை வாங்குகிறவர் லாரி டிரைவரிடம் யோசனை கேட்கப் போவதில்லை.

உப்பும் மணலும் மழையும்

இந்தச் சீமையின் ரோடுகளுக்குத் தனிக் குணம் உண்டு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பகுதி தூத்துக்குடி வட்டாரத்தில் விளைகிறது. ஈர உப்பு லாரியில் இருந்து சொட்டினால் ரோட்டில் ஈரம் தங்கும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிகள். ஆனி, ஆடிக் காற்றில் மணல் பறக்கும். ரோட்டில் கிடக்கும் மணல் டயருக்கு அடியில் கேழ்வரகு கொட்டிய மாதிரி உருளும்.

வட கிழக்குப் பருவ மழை இருக்கிறதே, அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் வந்து விழுகிறது. படிந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் குழம்பாகின்றன. கொட்டும் மழையைவிட முதல் அரை மணி நேரத் தூறல்தான் பொல்லாதது. கொட்டும் மழையோ வேறு விதத்தில் பொல்லாதது. 2023–ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் யாரும் கார் ஓட்டப் போவதில்லை. ஆனால் ரோட்டில் சாதாரணமாகத் தேங்கும் தண்ணீரே போதும். வேகமாகப் போகும் டயர் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள நேரம் இல்லாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. டயரில் உள்ள பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். சட்டப்படி அவற்றின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒரு சிறு கணக்கு. காய்ந்த நல்ல ரோட்டில் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 14 மீட்டரில் கார் நிற்கும். வேகம் இரண்டு மடங்காகி 100 கிலோ மீட்டர் ஆனால், தூரம் நான்கு மடங்காகி 56 மீட்டர் ஆகும். நனைந்த ரோட்டில் அது 100 மீட்டரை நெருங்கும். ஆபத்தைப் பார்த்த பிறகு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகிறதே, அதற்குள் 28 மீட்டர் போய்விடும். இருட்டில், காவடி தூக்கியவர் கார் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரம் அவ்வளவு இருக்குமா?

மின்சாரக் காரில் இன்னொரு விஷயம். காலை எடுத்தாலே மோட்டார் எதிர்ப்பாக வேலை செய்து வேகத்தைக் குறைக்கும். அந்த வேகத்தைக் கொண்டு பேட்டரியில் மின்சாரம் சேரும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் மோட்டார் பின்னால் இருக்கும் காரில் அந்தப் பிடி பின் சக்கரத்தில் விழுகிறது. வழுக்கும் ரோட்டில் காலைச் சட்டென்று எடுப்பது, கை பிரேக்கை இழுப்பதற்குச் சமம். மழை நாளில் அந்தப் பிடியைக் குறைத்து வைத்துக்கொள்ள வண்டியிலேயே வசதி உண்டு.

கயிறு பிடிக்கும் மைத்துனர்

"இப்போதுள்ள கார்களில் வழுக்கலைத் தடுக்கும் கருவி இருக்கிறதே!" என்று விற்பனைக்காரர் சொல்வார். இருக்கிறது. நல்ல கருவிதான். கார் சுற்றப் பார்த்தால் அது கண்டுபிடித்து, எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். மோட்டாரின் வலுவையும் குறைக்கும். மனிதனால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியுமா?

ஜெர்மனியில் மெர்சிடிஸ் கம்பெனி 1995–ம் ஆண்டு விலை உயர்ந்த காரில் இதைப் பொருத்தியது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு கூத்து நடந்தது. அந்தக் கம்பெனியின் புதிய சிறிய காரை சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று சோதித்தது. ரோட்டில் காட்டு மான் குறுக்கிட்டால் சட்டென்று ஒதுங்குவது போல ஓட்டிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்துவிட்டது! கம்பெனி விற்பனையை நிறுத்தி, அந்தச் சிறிய கார் எல்லாவற்றிலும் இந்தக் கருவியைப் பொருத்தியது. பணக்காரர் காரில் மட்டும் இருந்த கருவி சாதாரணக் காருக்கு வந்த கதை இதுதான். மான் குறுக்கே வருவது சுவீடனில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. தூத்துக்குடி – நெல்லை ரோட்டில் வல்லநாட்டுப் பக்கமும் வெளிமான் சரணாலயம் இருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிய கார்களில் இந்தக் கருவி கட்டாயம். இந்தியாவில் 2023–ம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய 'பாரத் என்கேப்' மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் இது இருந்தாக வேண்டும்.

ஆனால் இந்தக் கருவியால் ரோட்டில் இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது. முத்துக் குளிப்பவர் கடலுக்குள் இறங்கும்போது, படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராக இருப்பார் என்று சொல்வார்கள். தன் சகோதரி தாலி அறுக்கக் கூடாதே என்று அவர் கண் இமைக்காமல் இருப்பாராம். கயிறு அசைந்ததும் மேலே இழுத்துவிடுவார். ஆனால் கடலுக்கு அடியில் இருப்பவருக்கு மூச்சு கொடுக்க அவரால் முடியாது. காரில் உள்ள கருவியும் அவ்வளவுதான்.

சில கார்களில் இந்தக் கருவியை அணைத்து வைக்கவும் பொத்தான் இருக்கிறது. விளையாட்டுக்காக! பந்தயத் திடலில் அணைத்துக் கொள்ளட்டும். தெருவில் அணைப்பது கயிற்றை அறுத்துவிட்டு இறங்குவதாகும்.

புதுக் காரில் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், ஒரு மிதி மிதிச்சுப் பாரும்!" என்று ஏற்றி விடுவதும் நடக்கத்தான் செய்கிறது. கயிறு பிடித்த மைத்துனர்கள் ஊரில் இது ஒரு வேடிக்கை.

திடலும் தெருவும்

நடிகர் அஜித்குமார் கார் பந்தயத்தில் கலந்துகொள்வது எல்லோருக்கும் தெரியும். 2025–ம் ஆண்டு ஜனவரி மாதம் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பயிற்சி செய்தபோது அவருடைய போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அது என்ஜினும் பின்னால், ஓடுவதும் பின் சக்கரத்தில் என்று உள்ள கார். அவர் காயம் இல்லாமல் இறங்கினார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பெற்றது.

ரசிகர்கள் அந்தச் சுழற்சியைப் படத்தில் பார்த்தார்கள். அவர் எப்படித் தப்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். தலையில் ஹெல்மெட். உடம்பைக் கட்டும் பெல்ட்டுகள். காருக்குள் இரும்புக் கூண்டு. சுற்றிலும் தடுப்பு. எதிரில் வண்டி இல்லை. ஓரத்தில் ஆள் இல்லை. பால் வாங்கப் போகும் சிறுவன் இல்லை.

தெருவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புனா சாட்சி. 2024–ம் ஆண்டு மே மாதம் 19–ந்தேதி அதிகாலையில் அங்கே ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிளில் மோதியது. இளம் என்ஜினீயர்கள் இரண்டு பேர் செத்தார்கள். காரை ஓட்டியதாகப் போலீசார் வழக்குப் போட்டது 17 வயதுச் சிறுவன் மீது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்கு உரியவருக்கோ 3 ஆண்டு வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019–ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

2022–ம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17 ஆயிரத்து 884 பேர். மத்திய அரசாங்கக் கணக்குப்படி, நாட்டில் நடந்த விபத்துகளில் 100–க்கு 70–க்கு மேல் அதிக வேகத்தால் வந்தவை.

ஒரே லைசென்ஸ்

16 வயதுப் பையன் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியைத்தான் ஓட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. லாரி, பஸ் ஓட்ட 20 வயது ஆக வேண்டும். ஆகவே, சக்திக்கும் பாரத்துக்கும் தக்கபடி அனுமதி தர வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் கார் என்று வந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். 50 குதிரை சக்தி காருக்கும் 282 குதிரை சக்தி காருக்கும் ஒரே லைசென்ஸ். மெதுவாக ஓட்டி, பின்னால் எடுத்து, ஒழுங்காக நிறுத்திக் காட்டினால் போதும். கார் வழுக்கினால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தாலியில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் ஓட்டும் காரின் சக்திக்குச் சட்டம் வரம்பு கட்டி இருக்கிறது. ஆஸ்திரியாவில் லைசென்ஸ் வாங்கியவர் திரும்பவும் வந்து, நனைத்து வைத்த வழுக்குத் தளத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். சுவீடனில் அந்தப் பயிற்சி இல்லாமல் லைசென்சே கிடையாது. அவை பனி பெய்யும் நாடுகள், நமக்கு எதற்கு என்று சொல்லலாம். உப்பு ஈரமும் தேரி மணலும் முதல் மழையும் டயருக்குப் பனிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்தான்.

தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் கம்ப்யூட்டர் மூலம் சோதனை செய்யும் தளங்கள் கட்டப்பட்டு வருகின்றன. வண்டி கோட்டைத் தொட்டதா, எவ்வளவு நேரத்தில் முடித்தது என்று கருவிகள் பார்க்கும். அந்தத் தளத்தின் ஒரு மூலையில் 30 மீட்டர் நீளத்துக்கு வழவழப்பான தரை போட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் ஒருவர் அங்கே வந்து, வால் ஒதுங்குவது எப்படி இருக்கும் என்று ஒரு முறை தம் உடம்பால் உணர்ந்துவிட்டுப் போகலாம். அதற்கு வேண்டியது ஒரு டாங்கர் லாரித் தண்ணீர்.